நான்கு விநாடி எங்கிருந்து வந்தது?

ஒரு நாள்கூட முதலாவதாக வராமல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வெல்ல முடியும். 2017இல் கிறிஸ் ஃபுரூமும் 2019இல் எகான் பெர்னாலும் அப்படித்தான் வென்றார்கள். இந்தப் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆண்கள் பந்தயத்தில் நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள், மூன்று வாரம், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். அன்றன்று யாருடைய மொத்த நேரம் குறைவோ, அவருக்கு மஞ்சள் ஜெர்சி; கடைசி நாளில் அது யாரிடமோ, அவரே வெற்றியாளர்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், கடைசி மலையை மட்டும் பார்த்துவிட்டு யார் ஏன் வென்றார் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 2024ஆம் ஆண்டின் பெண்கள் பந்தயத்தைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் எட்டுக் கட்டங்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் தொடங்கி ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துவெஸ் உச்சியில் முடிவு. முந்தைய ஆண்டு வென்ற டெமி வோலரிங்தான் இந்த முறையும் வெல்வார் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். போலந்தின் காசியா நிவியடோமா 2022, 2023 இரண்டிலும் மூன்றாவதாக வந்தவர். நான்காம் கட்டம் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் முடிந்தது. புக் பீட்டர்சே முதலிடம், மயிரிழையில் வோலரிங் இரண்டாமிடம், நிவியடோமா மூன்றாமிடம். மூவருக்கும் ஒரே நேரம். ஆனால் முதல் மூவருக்கு முறையே 10, 6, 4 விநாடிகள் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும். அன்று மூன்றாமிடத்துக்குக் கிடைத்த அந்த 4 விநாடியைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு.

மறுநாள் கட்டம் அம்னேவில் நகரில் முடிந்தது. மலை எதுவும் இல்லாத முடிவு. முடிவுக் கோட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு கூட்டுவிபத்து. மஞ்சள் ஜெர்சியோடு வோலரிங் தரையில் கிடந்தார். இத்தகைய கட்டங்களில் வழக்கமாகக் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால், உடன் வந்த குழுவின் நேரமே கொடுக்கப்படும். அதற்கு முன்பே விழுந்தால் எழுந்து ஓட்டி வரும் ஒவ்வொரு விநாடியும் கணக்கில் ஏறும். எழுந்து ஓட்டிய வோலரிங்குக்குத் துணையாக அணித் தோழிகள் போதிய அளவு பின்தங்கி வரவில்லை. அதே அணியின் பிளாங்கா வாஷ் முன்னால் போய் அன்றைய கட்டத்தை வென்றார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனது. மஞ்சள் ஜெர்சி நிவியடோமாவிடம் வந்தது. ஓர் அணி தன் தலைவியைக் காத்திருந்து அழைத்து வருவதா, கைக்கெட்டிய வெற்றியை எடுப்பதா என்ற வாதத்தில் நான் காத்திருக்க வேண்டும் என்ற பக்கம்தான். மற்ற கட்சிக்காரர்களுக்கும் நியாயம் உண்டு: விபத்தின் இரைச்சலில் பின்னால் என்ன நடந்தது என்று முன்னால் போகிறவருக்குத் தெரிவதே கடினம்.

இந்தப் பந்தயத்தில் தனியாள் என்று யாரும் கிடையாது. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் தண்ணீர் பாட்டில் சுமந்து வரவும், காற்றுக்கு முகம் கொடுக்கவும், தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றித் தலைவருக்குக் கொடுக்கவும் துணை வீரர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் நூறாவது இடத்துக்கும் கீழே இருக்கும் பெயர்களை ரசிகர்கள் உருகி உச்சரிப்பது இதனால்தான். சமவெளியில் நான்கு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும் நாளில், யார் யாருக்காகக் காற்றில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்த நாள் நீளமாகத் தோன்றாது.

தொலைவிலிருந்து பின்தொடர்வது இந்தப் பந்தயத்துக்குப் புதிதும் அல்ல. 1903இல் லோட்டோ என்ற நாளிதழ் விற்பனையைப் பெருக்கத்தான் ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டருக்கு இதைத் தொடங்கியது. மோரிஸ் காரன் வென்றார். வாசகர்கள் காலையில் படித்துத்தான் பந்தயத்தை அறிந்தார்கள். 1919இல் முதல்வரை அடையாளம் காட்ட வந்த ஜெர்சியின் மஞ்சள், அந்த இதழ் அச்சான தாளின் நிறம். இன்று நமக்கு இரவு ஒன்பது மணி வாக்கில் கட்டம் முடிகிறது. சாலையோரம் நிற்பவர்கள் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சமவெளியில் அவர்கள் காண்பது சில விநாடிகள்தான், மலையில் கொஞ்சம் கூடுதல். அந்த நெருக்கத்தைப் பாழாக்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 2021இல் முதல் நாளே, கேமராவுக்குக் காட்டச் சாலைக்குள் நீட்டிய ஓர் அட்டை பெருங்கூட்டத்தைச் சாய்த்தது. ஊக்கமருந்தால் வந்த காயம் இன்னும் ஆழம்: லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டன, 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் இடம் காலியாகவே இருக்கிறது. வேறு யாருக்கும் தராமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன்.

2024க்குத் திரும்புவோம். ஆகஸ்ட் 18, கடைசிக் கட்டம். நிவியடோமாவைவிட வோலரிங் 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். கிளாந்தோன் ஏற்றத்தில் அவர் தாக்க, பவுலீனா ரோய்யாக்கர்ஸ் மட்டும் ஒட்டிக்கொண்டார். நிவியடோமா பின்தங்கினார். இறங்கி வந்த பள்ளத்தாக்கில் வேறோர் அணியின் லூசிண்டா பிராண்ட் தன் தலைவி கையா ரியலினிக்காகக் காற்றில் நின்று இழுத்தார். அந்தக் குழுவில் இருந்த நிவியடோமாவுக்கும் அதன் பலன் கிடைத்தது. பிறகு ஆல்ப் துவெஸ்: 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர், எட்டு சதவீதம் ஏற்றம். வோலரிங் கட்டத்தை வென்றார். 10 விநாடி கழிவும் கிடைத்தது. 1 நிமிடம் 1 விநாடி கழித்து நிவியடோமா முடிவுக் கோட்டைத் தொட்டார். 61உம் 10உம் 71. தேவை 75. நான்கு விநாடியில் பட்டம் நின்றது. ஒரு கட்டத்தையும் வெல்லாமல் அவர் பந்தயத்தை வென்றார். ஆண்கள் பந்தயத்தில் மிகக் குறுகிய இடைவெளி, 1989இல் கிரெக் லெமண்ட் லொரான் ஃபின்யோனை வென்ற 8 விநாடி.

லியேஜின் மூன்றாமிடம் சரியாக 4 விநாடி. அதே முடிவில் வோலரிங் முந்தியிருந்தால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கக் கூடியதும் 4.

இத்தனையும் எட்டே கட்டங்களில். 1984இல் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்ற முதல் பெண்கள் பந்தயம் 18 கட்டங்கள் ஓடியது. 1989க்குப் பிறகு அது அந்த வடிவில் நின்றுபோய், 2022இல்தான் திரும்ப வந்தது. 2025இல் ஒன்பது கட்டங்கள். பெண்களுக்கும் மூன்று வாரம் வேண்டும். மலைகளை மட்டும் கூட்டாமல் சமவெளி நாட்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.