எல்லைக்கோடும் ஆடவர் கேளிக்கைப் பயணமும்: திருநள்ளாறு – காரைக்கால் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தம் ஆட்சிப்பரப்பில் தடுக்கப்பட்ட இன்பங்களை நாடி ஆடவர் அயல் ஆட்சிப்பரப்புக்குச் சென்று திரும்பும் பழக்கம் பொதுவாகச் செல்லும் ஊரின் இயல்பாகவும் அவ்வூராரின் ஒழுக்கமாகவும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அப்பேச்சை மறுக்கிறது. சென்னை மாகாண மதுவிலக்கும் பிரெஞ்சிந்திய இணைப்புச் சிக்கலும் ஒருங்கே நிலவிய 1948–1954 காலத்தை நடுவாகக் கொண்டு, காரைக்கால் பகுதிக்குச் சென்ற ஆடவர் பயணத்தை உருவாக்கியது இரு சட்டங்களுக்கு இடையிலான வேறுபாடே என்பதை விளக்குகிறது. அவ்வேறுபாட்டின் பயன் ஒருவரையும் பழி மற்றொருவரையும் சேர்வதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், திருநள்ளாறு, மதுவிலக்கு, பிரெஞ்சிந்தியா, எல்லை, கேளிக்கைப் பயணம், பரத்தையிற் பிரிவு

முன்னுரை

திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலாலும் அங்குள்ள சனீசுவரன் சந்நிதியாலும் அறியப்படும் ஊர். மூவர் பாடல் பெற்ற தலம். தியாகராசருக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. சனிப்பெயர்ச்சிக் காலங்களில் நளதீர்த்தத்தில் நீராடி வழிபடப் பெருந்திரளான மக்கள் இங்கு வருகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வரும் அடியவர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆட்சி எல்லையைக் கடந்தே இவ்வூரை அடைகின்றனர். அதே எல்லையை, அதே சாலைகளில், வேறு நோக்கத்துடன் கடக்கும் ஆடவரும் உள்ளனர். முதலாவது பயணத்தைப் பற்றித் தலபுராணம் தொடங்கி இன்றைய நாளிதழ் வரை மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது பயணம் நகைச்சுவைத் துணுக்குகளிலும் காவல்துறைச் செய்திகளிலும் மட்டுமே இடம்பெறுகிறது. ஆய்வுக்குரிய சமூக நிகழ்வாக அதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘கேளிக்கைப் பயணம்’ என்பது இங்கு மது, சூது, பாலின்பம் ஆகியவற்றைத் தம் சட்ட எல்லைக்கு வெளியே நாடிச் செல்லும் வயதுவந்த ஆடவரின் குறுகிய காலப் பயணத்தைக் குறிக்கிறது. இவற்றுள் மதுவே காரைக்கால் பகுதியில் தெளிவான சான்றுகளுடன் ஆராயத்தக்கது என்பதால் அதுவே முதன்மைப் பொருளாகிறது.

எல்லை உருவான வகை

தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக் கும்பினி, அடுத்தடுத்த ஆண்டுகளில் சுற்றியிருந்த கிராமங்களையும் தன்வயப்படுத்தியது. ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போர்களில் இப்பகுதி பலமுறை கைமாறி, நெப்போலியன் காலப் போர்களுக்குப் பின் பிரெஞ்சு ஆட்சிக்கு மீண்டது. வடக்கே நண்டலாறு, தெற்கே நாகூரை ஒட்டிய வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர் என அமைந்த இந்த எல்லை, மலையாலோ பேராற்றாலோ பிரிக்கப்பட்டதன்று. ஒரே வாய்க்கால் பாசனம், ஒரே உறவுமுறை, ஒரே மொழி ஆகியவற்றின் குறுக்கே வரையப்பட்ட கோடு அது.

இருபுறமும் வேறு வேறு வரி இருந்தால் பொருள் நகரும் என்பதை ஆங்கில ஆட்சியாளர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை இதற்குச் சான்று. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பைத் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமைக்காக ஆங்கிலேயர் ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் அளிக்க ஒப்புக்கொண்டனர். உப்பு எல்லை தாண்டி வராமல் இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. பின்னர் 1898இல் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு மீட்டர் பாதை இடப்பட்டபோது, எல்லையைக் கடப்பது எளிய மக்களுக்கும் சில நாழிகைப் பயணமாயிற்று.

1948: ஒரே மாதத்தின் இரு நிகழ்வுகள்

இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போர்க்காலத்தில் கைவிடப்பட்ட அத்திட்டம் விடுதலைக்குப் பின் விரிவுபெற்று, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று. தஞ்சை மாவட்டத்தால் சூழப்பட்ட காரைக்காலோ பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தமையால் அச்சட்டத்துக்கு அப்பாற்பட்டு நின்றது.

அதே அக்டோபரில் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. இந்திய – பிரெஞ்சு அரசுகள் அவ்வாண்டு சூன் மாதம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பொதுவாக்கெடுப்பு நடத்தும் முறையை வகுக்கவேண்டிய மன்றங்களுக்கான தேர்தல் அது. ஆதலின் ஒரு மாதத்துக்குள் காரைக்கால் எல்லை இரு வகையில் பொருள் செறிந்தது. மதுவைப் பொறுத்தவரை அது தடைக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட கோடு. அரசியலைப் பொறுத்தவரை இரு அரசுகள் உரிமை பேசிய கோடு.

1941 முதல் நடைமுறையில் இருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முடிவுக்கு வந்தபின் எல்லைச் சோதனைகள் கடுமையாயின. இணைப்புப் போராட்டம் முற்றிய 1954இல் போக்குவரத்தும் பண்டங்களின் வரத்தும் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டன. மாயூரத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ காரைக்காலுக்கு வந்த தமிழர், மொழியாலும் உறவாலும் உள்ளூரார். சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டார். கேளிக்கைப் பயணத்தில் ‘அயலார்’ என்பது பிறப்பால் அமையும் தன்மையன்று, கோட்டைக் கடக்கும் செயலால் கிடைக்கும் நிலை என்பதை இக்காலம் தெளிவாகக் காட்டுகிறது.

ஆள் நகர்வதன் காரணம்

மதுவிலக்குச் சட்டம் மதுவை வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், விற்றல், அருந்துதல் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. அதன் அதிகாரம் மாகாண எல்லையோடு முடிந்தது. எல்லைக்கு அப்பால் வாங்கிய புட்டியை இப்பால் கொண்டுவருவது குற்றம். அப்பாலேயே அருந்துவது அச்சட்டத்தின் பிடிக்குள் வராது. எனவே பொருளை நகர்த்துவதைவிட ஆளே நகர்வது இடர் குறைந்த வழியாயிற்று. உப்பு விற்பனையில் பொருள் எல்லை தாண்டியது. மதுவில் நுகர்வோனே எல்லை தாண்டினான்.

இப்பயணம் ஆடவர்க்கே உரியதாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. கையில் காசும், வெளியூர் செல்லக் கேள்வியற்ற உரிமையும், திரும்பி வருகையில் ஏற்கும் ஒரு வீடும் தேவைப்படும் பயணம் இது. டெல்டாவின் அக்கால வேளாண் சமூகத்தில் இம்மூன்றும் ஆடவரிடமே குவிந்திருந்தன. சட்ட வேறுபாடு வாய்ப்பைத் தந்தது. அதனைப் பயன்கொள்வோர் யார் என்பதைக் குடும்ப அமைப்பு முடிவு செய்தது.

இணைப்புக்குப் பின்னும் தொடர்ந்த வேறுபாடு

கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டு எல்லை இவ்வாறு மறைந்தது. ஆயினும் அவ்வொப்பந்தம் இப்பகுதிகளின் தனி நிருவாக நிலையைப் பேணியதால், சென்னை மாநில மதுவிலக்கு இங்கு நீட்டிக்கப்படவில்லை. நாட்டெல்லை நீங்கியபின்னும் சட்ட எல்லை நிலைத்தது; பயணமும் நிலைத்தது. பயணத்தின் காரணம் பிரெஞ்சுப் பண்பாடு என்னும் கருத்து இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

பிற்கால மாற்றங்கள் இதனை மேலும் உறுதிசெய்கின்றன. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்கைக் கொண்டது. தடை நீங்கியபோது பயணம் முற்றும் நின்றுவிடவில்லை. அதன் காரணம் இடம் மாறியது. தடைக்கும் உரிமைக்கும் இடையிலான வேறுபாடு, வரிக்கும் வரிக்கும் இடையிலான வேறுபாடாயிற்று. காரைக்காலில் மது விலை குறைவு; தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட சாராயமும் கள்ளும் இங்கு உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கின்றன. வாஞ்சூர் போன்ற எல்லையோரங்களில் மதுக்கடைகள் செறிந்திருப்பது உள்ளூர்த் தேவையால் மட்டும் விளங்கத்தக்கதன்று.

கொரோனாப் பெருந்தொற்றின்போது இக்கருத்து நேரடிச் சோதனைக்கே உள்ளானது எனலாம். ஊரடங்குக்குப் பின் 2020 மே மாத இறுதியில் புதுச்சேரி அரசு மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து ஆடவர் திரள்வதைத் தவிர்க்கச் சிறப்புத் தீர்வை விதித்து, இருபுறமும் கிடைக்கும் மதுவகைகளின் விலையைத் தமிழ்நாட்டுக்கு இணையாக்கியது. பயணத்தைத் தூண்டுவது விலை வேறுபாடே என்பதை அரசே ஏற்றுச் செயற்பட்ட தருணம் அது.

பிறநாட்டு ஒப்புமைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது, மெக்சிகோ எல்லையிலுள்ள டிஹுவானா நகரம் அமெரிக்க ஆடவரின் கேளிக்கைத் தலமாயிற்று. வடக்கே நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய பிரெஞ்சுத் தீவுகளான சென் பியேர் – மீகலோன் மதுக்கடத்தலின் பண்டசாலைகளாயின. பெரிய நாடொன்றின் தடைக்கு அருகில் சிறிய பிரெஞ்சுப் பகுதி ஒன்று இருந்தமை காரைக்காலுடன் ஒப்புநோக்கத்தக்கது. தடை நீங்கியதும் அத்தீவுகளின் திடீர் வளமும் நீங்கியது.

பாலின்பப் பயணங்களிலும் இவ்விதி மாறவில்லை. வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படைவீரரின் ஓய்வுக்காக 1967இல் தாய்லாந்துடன் செய்யப்பட்ட ஏற்பாடு, பிற்கால அயல்நாட்டு ஆடவர் பயணங்களுக்குத் தளமிட்டது. ஆயினும் உலகம் குறைகூறியது அவ்வேற்பாட்டையன்று, தாய்லாந்துப் பெண்களையே.

2018இல் ரஷ்யாவின் 11 நகரங்களில் உலகக் கோப்பைக் கால்பந்து நடைபெற்றது. கிரிமியா இணைப்புக்குப்பின் மேலை நாடுகளுடன் பூசல் முற்றியிருந்த சூழலில், நுழைவுச்சீட்டு வைத்திருந்தோர்க்கு விசா விலக்கு அளிக்கப்பட்டது. சரான்ஸ்க், சமாரா, வோல்கோகிராட் போன்ற மாநில நகரங்களுக்கும் அயல்நாட்டு ஆடவர் திரளாக வந்தனர். அப்போது ரஷ்ய நாடாளுமன்றக் குடும்ப நலக் குழுவின் தலைவராக இருந்த தமாரா பிளெட்னியோவா, வேற்றின ஆடவருடன் உறவு கொள்ளலாகாது என்று ரஷ்யப் பெண்களுக்கே அறிவுரை கூறினார். வாயிலைத் திறந்தது அரசு, வந்தவர் ஆடவர், அறிவுரையோ பெண்களுக்கு. காரைக்காலைப் பற்றிய பொதுப்பேச்சும் இவ்வமைப்பிலேயே இயங்குகிறது. வேற்றூரிலிருந்து வந்து குடிப்பவர் பெயரற்றவராகத் திரும்பிச் செல்ல, பெயர் ஊருக்கு ஒட்டிக்கொள்கிறது.

தமிழ் மரபின் அளவுகோல்

இத்தகைய பயணத்தை மதிப்பிடத் தமிழ் அகமரபில் ஓர் அளவுகோல் உண்டு. நம்பியகப்பொருள் பிரிவுகளை ஆறாக வகுத்து, ஓதல், காவல், தூது, துணை, பொருள் ஆகியவற்றோடு பரத்தையிற் பிரிவையும் வைக்கிறது. ஏனைய ஐந்தும் கடமை அல்லது ஆக்கம் கருதியவை. இஃது ஒன்றே இன்பம் கருதியது. இப்பிரிவு மருதத் திணையோடும் அதன் உரிப்பொருளான ஊடலோடும் பிணைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தலைவன் சென்ற இடத்தை அளப்பதைவிட, அவன் திரும்பும் வீட்டில் நிகழ்வதையே மருதப் பாடல்கள் மிகுதியும் பேசுகின்றன. கேள்வி கேட்பவள் தலைவி; விடை கூறவேண்டியவன் தலைவன்.

மருதநிலமாகிய காவிரிக் கழிமுகத்தின் இக்காலப் பயணத்துக்கும் அந்த நோக்கு பொருந்தும். மதுவுக்காக எல்லை கடக்கும் ஆடவரின் கணக்கு, கூலிப்பணத்தில் வீடு சேராத பகுதியிலும், இரவுநேரச் சாலை விபத்துகளிலும், பெண்களின் உழைப்புச் சுமையிலும் எழுதப்படுகிறது. ஆயத்தீர்வை வருவாயோ புதுச்சேரிக் கருவூலத்தைச் சேர்கிறது. பயன் ஓர் ஆட்சிப்பரப்பிலும் இழப்பு மற்றோர் ஆட்சிப்பரப்பிலும் விழுவதால், இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கும் அமைப்பு எதுவும் உருவாகவில்லை.

முடிவுரை

திருநள்ளாற்றுச் சாலையில் வருவோரின் இரு பயணங்களும் ஒரே எல்லையைக் கடக்கின்றன. அடியவரின் பயணம் அவ்வெல்லை தோன்றுவதற்கு முன்பே இருந்தது. அது மறைந்தாலும் தொடரும். கேளிக்கைப் பயணமோ எல்லையால் உருவானது; சட்டமும் வரியும் மாறுந்தோறும் பெருகியும் சுருங்கியும் வந்துள்ளது. ஆகவே அதனை ஊரின் இயல்பாகக் கொள்வது காரணத்தை விட்டு இடத்தைப் பழிப்பதாகும்.

1815இல் உப்புக்காக இரு அரசுகள் ஒன்றுகூடி உடன்படிக்கை செய்தன. 2020இல் நோய்த்தொற்றின் அச்சத்தால் விலை இணையாக்கப்பட்டது. இரண்டும் வேறுபாட்டைக் குறைக்க இயலும் என்பதைக் காட்டுகின்றன. தமிழ்நாடும் புதுச்சேரியும் தீர்வைக் கொள்கையில் கலந்து செயற்பட்டால் இப்பயணத்தின் பெரும்பகுதி தேவையற்றதாகும். ஆய்வுலகம் ஆற்றவேண்டிய பணியும் உண்டு. எல்லைப்புற ஊர்களை ஒழுக்கக் கேட்டின் இடங்களாக எழுதும் வழக்கை விடுத்து, யாருடைய சட்டம் யாரை அங்கே அனுப்புகிறது, திரும்பி வருபவனுக்காகக் காத்திருப்பவர் யார் என்னும் வினாக்களிலிருந்து தொடங்குவதே அது.