இடம் மாறும் மீன்கள், மாறாத விதிகள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து கடலுக்குப் போக, சாலை வழியே 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இப்படிக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்களுக்கும் மத்தி பழகிய மீன்தான். விலை குறைவு, சத்து அதிகம். அந்த மத்தி இப்போது இடம் மாறுகிறது.

1980களின் நடுப்பகுதி வரை மத்தி பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரையோரங்களில்தான் பிடிபட்டது. பிறகு தமிழகக் கரையிலும் ஏராளமாகக் கிடைத்தது. கடல் சூடேறியதை இதற்கு முக்கியக் காரணமாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் சொன்னார்கள். கேரளத்திலோ 2012இல் 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்தி வரத்து, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கானாங்கெளுத்தி போனது ஆழத்துக்கு. மேல்மட்டத்தில் திரிந்த அந்த மீன், அடிக்கடலை அரிக்கும் இழுவைமடியில் முன்பைவிட அதிகமாகச் சிக்குகிறது.

இந்த நகர்வை முன்கூட்டியே கணிக்கத்தான் கணினி மாதிரிகள். ஒரு மீன் எங்கெங்கே பிடிபட்டது என்ற பதிவுகளோடு அங்கிருந்த வெப்பம், உப்புத்தன்மை, ஆழம், நீரோட்டம், பச்சையத்தின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த மீனுக்கு ஏற்ற சூழல் எது என்பது தெரிகிறது. நாளை கடல் இவ்வளவு சூடானால் அந்தச் சூழல் எங்கே அமையும் என்று வரைபடம் போடுகிறார்கள். ஒரு குறை உண்டு: படகு போகாத இடத்தில் மீன் இருந்தாலும் பதிவில் ஏறாது. வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் மீன் போகும் வழி அறிந்த மீனவர்களின் அனுபவமும் சேர்ந்தால்தான் அந்த வரைபடம் முழுமையாகும்.

கணிப்பு வரைபடம் ஆய்வறிக்கையோடு நின்றுவிடக் கூடாது; மீன்பிடி விதிகளுக்கும் வழிகாட்ட வேண்டும். மாறுவது இடம் மட்டுமல்ல, காலமும்தான். சென்னைக் கடலில் சங்கரா மீன் முட்டையிடும் காலம், வெயில் மிகுந்த ஏப்ரல்–செப்டம்பரிலிருந்து குளிர்ச்சியான அக்டோபர்–மார்ச்சுக்கு நகர்ந்ததை 1980 முதல் 2004 வரையிலான தரவுகள் காட்டின. தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எல்லா மீனுக்கும் ஒரே தடைக்காலம் பொருந்தாது. தடையை நீக்கச் சொல்லவில்லை. அந்தத் தடையால் காக்கப்படும் மீன்கள் பல. ஆனால் எந்த மீன் எந்த மாதத்தில், எங்கே முட்டையிடுகிறது என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்த்து, விதிகளைத் திருத்த வேண்டும். மீனவர் பிரதிநிதிகளை உட்கார வைத்துப் பேசி, அரசு இதை இப்போதே தொடங்க வேண்டும்.