துருவம் தாழ்ந்த ஊரில் வானத்தைப் படமெடுப்பது

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு கோப்பையும் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நெபுலா, கலக்ஸி, நட்சத்திரக் கொத்து என்று தூரத்து வானத்தை வீட்டு வளவிலிருந்தே படமெடுப்பது ஏதோ புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது தொடங்கியதே வீட்டு வளவில்தான். 1880 செப்டம்பரில் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்த ஹென்றி டிரேப்பர், மருத்துவம் படித்தவர். நியூயோர்க்குக்குப் பக்கத்தில் தானே அமைத்த வானாய்வுக் கூடத்தில் 51 நிமிடம் படத்தகட்டைத் திறந்து வைத்தார். நம் தீவிலும் ஒருவர் இருந்தார். 1867இல் கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த், பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் அதிகாரி. திருகோணமலையில் சொந்தமாகப் பன்னிரண்டரை அங்குலத் தொலைகாட்டி வைத்து வியாழனைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு இன்று அவர் பெயர். இங்கிலாந்திலிருந்தவர்களுக்கு அடிவானத்துப் புழுதியில் தத்தளிக்கும் கிரகங்கள்கூட அவருக்கு உச்சி வானத்துக்கு வந்தன. நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதன் லாபம் அது.

அதே லாபம் கண்டிக்குக் கிழக்கே உள்ள திகனவுக்கும் உண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு. முதலில் விலையைப் பார்ப்போம்.

வானம் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்தில் முழுநிலவின் அகலத்துக்கு நகர்ந்துவிடும். மங்கலான நெபுலாவுக்கோ நிமிடக்கணக்கில் கமரா திறந்திருக்க வேண்டும். ஆகவே தொலைகாட்டியைச் சுமக்கும் மவுண்ட், பூமி சுற்றும் வேகத்திலேயே எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். அதன் அச்சு வான் துருவத்தைக் குறி பார்க்க வேண்டும். துருவம் எவ்வளவு உயரத்தில் தெரியும்? ஊரின் அகலக்கோடு எவ்வளவோ அவ்வளவு. திகனவில் ஏறக்குறைய 7 பாகை. ஐரோப்பியர் எழுதிய கைநூல்கள் எல்லாம் “துருவ நட்சத்திரத்தைக் குழாயில் பாருங்கள்” என்றுதான் தொடங்கும். இங்கே வடக்கே மலையும் மரமும் அடிவான மூட்டமும்தான் குழாயில் தெரியும்.

அதற்கும் வழி இருக்கிறது. தெற்கு-வடக்குக் கோட்டருகே உச்சியில் நிற்கும் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர விடுங்கள். அது வடக்கோ தெற்கோ மெல்ல வழுவினால், அச்சு கிழக்கு மேற்காகத் தவறி நிற்கிறது என்று பொருள். அதைத் திருத்தியபின், கிழக்கே தாழ்ந்த ஒரு நட்சத்திரத்தை வைத்து அச்சின் உயரத்தைத் திருத்தலாம். இப்போது மென்பொருள்கள் சில படங்களை எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம்.

இனி லாபம். மாசி, பங்குனியில் மழை ஓய்ந்த இரவு ஒன்று கிடைத்தால், முன்னிரவில் ஓரியன் நெபுலா கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். நடு இரவை ஒட்டிக் கரீனா நெபுலா தெற்கில் 23 பாகை ஏறும். 7,500 ஒளியாண்டு தூரத்து முகில் அது. அதன்பின் தென்சிலுவை, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து. கார்த்திகை, மார்கழியில் முகில் விலகினால் அன்ட்ரோமீடா கலக்ஸியும் உண்டு. லண்டன்காரர் கரீனாவைத் தம் ஊரிலிருந்து ஒருபோதும் பார்க்க மாட்டார்.

ஒரே நீண்ட படம் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நிமிடப் படங்கள் நூறு எடுத்துக் கணினியில் அடுக்குவார்கள். பெரஹரா ஊர்வலத்தில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு பக்கம் கத்தினாலும், ஒரே தாளத்தில் அடிக்கும் மேளம்தானே தூரத்துக்குக் கேட்கிறது? நெபுலா ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் விழுகிறது; படத்தில் மணல்போலத் தெரியும் இரைச்சலோ இடம் மாறி மாறி விழுந்து ஒன்றையொன்று தணிக்கிறது. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படங்கள் வேண்டும். பொறுமை இல்லாதவர் இங்கேதான் விலகிப் போகிறார்.

பொறுமை இருந்தாலும் வெளிச்சம் விடாது: மேற்கே கண்டி நகரம். பல்லேகலை மைதானத்தில் இரவு ஆட்டம் என்றால் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்து கிரிக்கெட் பார்ப்பதே மேல். மறுபக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். தண்ணீருக்குத் தெருவிளக்குக் கிடையாது. ஹைட்ரஜன் உமிழும் 656 நனோமீற்றர் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி போட்டால் நகர வெளிச்சத்தின் பெரும்பங்கு நின்றுவிடும். ஆனால் சாதாரணக் கமராவின் உள்வடிகட்டி அந்தச் சிவப்பையே பெருமளவு மறித்துவிடும். அதை எடுத்துவிட்ட கமராதான் வேண்டும்.

தொலைகாட்டியை வைக்கும் கூண்டுக்குக் குவிமாடம் தேவையில்லை. தண்டவாளத்தில் பின்னுக்கு ஓடும் தகரக் கூரை போதும். நடுவே கொங்கிறீட் தூண், கூண்டின் தரையைத் தொடாமல் தனியாக எழும்ப வேண்டும். தொட்டால் நீங்கள் நடப்பதும் படத்தில் பதியும். ஈரப்பதம் தொலைகாட்டியைவிடப் பெரிய கவலை: வில்லையில் பனி படியாமல் சூடாக்கும் பட்டியும், பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வாங்குங்கள்.

காசு குறைவென்றால் தொலைகாட்டியில் குறையுங்கள், மவுண்டில் குறைக்காதீர்கள். குளிர் நாடுகளுக்காகச் செய்த சில மவுண்ட்கள் 7 பாகைக்கு இறங்குவதில்லை; இறங்கினாலும் எடைக்கட்டித் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். கடைக்காரரிடம் முதலில் அதைக் கேளுங்கள். இறங்காதென்றால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.