ஐந்தாவது சக்கரம் எங்கே உட்கார வேண்டும்?

இரவு ஏறினால்தான் தில்லிச் சாலைகள் லாரிகளுக்குச் சொந்தம். பகலில் கனரக வாகனங்களுக்குத் தடை. துக்ளகாபாத் கன்டெய்னர் கிடங்கின் வாசலில் இருட்டத் தொடங்கியதும் எஞ்சின்கள் உறுமுகின்றன. அரியானா, ராஜஸ்தான் வண்டிகளுக்கு நடுவே நாமக்கல்லின் டி.என். 28, சங்ககிரியின் டி.என். 52 என்று பதிவெண் தாங்கிய வண்டியும் கண்ணில் படலாம். பின்னால் இருப்பது நாற்பதடிப் பெட்டி. முன்னால் இருப்பது ஓட்டுநர்கள் 'ஹார்ஸ்' என்றும், வடக்கே 'கோடா' என்றும் அழைக்கும் இழுவை வண்டி. இந்தக் குதிரையையும் அந்தப் பெட்டியையும் பிணைத்திருப்பது குதிரை லாட வடிவத்தில் ஒரே ஒரு இரும்புத் தட்டு. அதன் பெயர் ஐந்தாவது சக்கரம். தொழிலில் 'டர்ன்டேபிள்'.

உருளாத இந்தத் தட்டுக்குச் சக்கரம் என்று பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். நான்கு சக்கரக் கோச்சு வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கை வாக்கில் ஒரு வளையம் பொருத்தினார்கள். நான்குக்கு மேல் ஒன்று, எனவே ஐந்தாவது. 1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற வண்டி செய்பவர், மர வியாபாரி ஒருவரின் படகை ஃபோர்டு கார் இழுத்துச் செல்ல வசதியாக ஒரு டிரெய்லர் செய்து கொடுத்தார். லாரி உலகத்தின் பாதை அங்கே திரும்பியது. இன்று அமெரிக்காவில் பிக்-அப் வைத்திருக்கும் குடும்பங்கள்கூட வீடு போன்ற டிரெய்லரை இந்தத் தட்டில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகின்றன. பிக்-அப்பின் பின்தட்டு குட்டையாக இருந்தால் அவர்களுக்கு வரும் தலைவலி, தில்லியில் குட்டை ஹார்ஸ் வாங்கும் ஒற்றை லாரி முதலாளிக்கும் வருகிறது: தட்டை எங்கே வைப்பது?

மூலை இடிக்கும் கணக்கு

நெரிசலில் திரும்ப வேண்டிய நகரத்துக்குக் குட்டை வண்டிதான் வசதி. ஆனால் கேபினுக்குப் பின்னே ஓட்டுநர் படுக்க இடம் வைத்தால் தட்டுக்கு இடம் குறைகிறது. நேராக ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. செங்குத்தான திருப்பத்தில்தான் டிரெய்லரின் முன் மூலை சுழன்று வந்து கேபினின் முதுகில் மோதும்.

ஒரு சாதாரணக் கணக்கு போதும். டிரெய்லரின் அகலம் 2.5 மீட்டர். அதன் அடியில் உள்ள கிங் பின்னிலிருந்து முன் விளிம்புவரை 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்னிலிருந்து மூலைவரை உள்ள தூரம் சுமார் 1.54 மீட்டர். கேபினின் பின்சுவரிலிருந்து தட்டின் மையம்வரை 1.45 மீட்டர்தான் இருக்கிறது என்றால் இடி நிச்சயம். தட்டை 15 செ.மீ. பின்னே தள்ளினால் 1.60 மீட்டர் கிடைக்கும். மூலை தப்பிவிடும், 6 செ.மீ. இடைவெளியில். மேடுபள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் ஆடும் என்பதால் அதுவும் தாராளம் அல்ல.

அப்படியானால் இன்னும் பின்னே தள்ளினால் என்ன? வில்லங்கம் அங்கேதான். இழுவை வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.2 மீட்டர். தட்டின் மேல் இறங்கும் பளு 12 டன். தட்டு பின் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால் இருந்தால் முன் சக்கரங்களுக்கு 1.5 டன் போகிறது. 15 செ.மீ. பின்னே தள்ளியதும் அது ஒரு டன்னுக்கும் கீழே வந்துவிடுகிறது. அச்சுக்கு நேர் மேலே வைத்தால் பன்னிரண்டு டன்னும் பின் சக்கரங்களின் தலையில். அச்சையும் தாண்டிப் பின்னே போனால் பளு ஏற ஏற முன்பக்கம் லேசாகும். மழை நாளில் ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேரே போவது இப்படித்தான். மிகவும் முன்னால் வைத்தாலும் ஆபத்து. முன் அச்சு தன் வரம்பை மீறிச் சுமக்கும்.

இதற்கு நடுவழியாக வந்ததுதான் தண்டவாளத்தில் நகர்வது போல முன்னும் பின்னும் நகரும் தட்டு, அதாவது ஸ்லைடர். பல வகை டிரெய்லர்களை மாற்றி மாற்றி இழுப்பவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கூடுதல் எடை, கூடுதல் விலை, பூட்ட மறந்தால் கூடுதல் ஆபத்து. ஒரே வகைக் கன்டெய்னரை ஒரே தடத்தில் இழுப்பவருக்கு, ஒழுங்காக அளந்து பொருத்திய நிலைத் தட்டே போதும். அளக்கும்போது தட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். உயரம் பொருந்தாவிட்டால் டிரெய்லர் சாய்ந்து நிற்கும், அச்சுகளுக்குள் பளு ஏறுமாறாகப் பிரியும்.

ஐம்பதா, தொண்ணூறா?

கிங் பின்னில் இரண்டு அளவுகள். 50 மி.மீ. எனப்படும் இரண்டு அங்குலம் வழக்கமான சரக்குக்கு. 90 மி.மீ. எனப்படும் மூன்றரை அங்குலம் மிகக் கனமான சுமைகளுக்கு. பெரிய பின்னுக்கான தாடையில் சின்னப் பின்னை மாட்டினால் பிடி நிற்காது. இரண்டு அங்குலப் பின் புதிதாக இருக்கும்போது 50.8 மி.மீ. தேய்ந்து 49 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத்தான் தெரியும்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளு வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. வாகனத்தின் மொத்த எடை உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்குப் போனது. காகிதத்தில் வரம்பு உயர்ந்தது. பழைய தட்டின் பலம் உயரவில்லை. தட்டின் மீது பொறித்திருக்கும் இரண்டு எண்களை இங்கேதான் படிக்க வேண்டும். ஒன்று, மேலிருந்து எவ்வளவு பளு தாங்கும் என்பது. மற்றொன்று 'டி' மதிப்பு, அதாவது எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பது. எண்கள் அழிந்துபோன தட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் லாபமில்லை.

மாயாபுரியில் பிரித்தெடுத்த உதிரிபாகங்கள் மலிவு. சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரின் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்காத நாளில்லை. ஆனால் விரிசல் விட்ட தட்டுக்கு வெல்டிங் மருந்தல்ல. தட்டைச் சட்டத்தோடு பற்றவைப்பதும் முறையல்ல. உரிய தரத்து போல்ட்டுகளால் முடுக்கி, ஓடத் தொடங்கிய சில நாட்களில் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு டார்ச் லைட்டின் விலை

எந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசித் தீர்ப்பு மாட்டும் நேரத்தில்தான். டிரெய்லர் சற்று உயரமாக நின்றால் பின், தாடைக்குள் விழாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். மாட்டிக்கொண்டதுபோல் சத்தம் கேட்கும். நூறு மீட்டர் ஓடும், ஒரு கிலோமீட்டரும் ஓடும். பிறகு ஏதோ ஒரு மேட்டில் குதிரை மட்டும் முன்னே போகும். பின்னே அவிழ்ந்து நிற்கும் பெட்டிக்கும், அதன் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் ஸ்கூட்டருக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை.

தடுக்கும் வழி எளியது. தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது. கைப்பிடி முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும், அதன் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். டார்ச் அடித்து, பின்னைத் தாடை சுற்றிக் கவ்வியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவைத்து, கீழ் கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடம்தான் இந்தத் தொழிலில் கிடைப்பதில்லை. சாலை திறந்திருப்பது இரவில் மட்டும், விடிவதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். அளந்து வாங்குவது முதலாளியின் பொறுப்பு. குனிந்து பார்க்க ஓட்டுநருக்கு நேரம் கொடுப்பதும் அவருடைய பொறுப்புதான்.

சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவரை வண்டியின் ஐந்தாவது சக்கரம் என்று கேலி செய்வது உலக வழக்கம். துக்ளகாபாத் வாசலில் அந்தக் கேலி எடுபடாது. மற்ற சக்கரங்களில் ஒன்று பழுதானால் வண்டி நிற்கும். இது பழுதானால் வண்டி நிற்காது.