மணிக்காலணி: நியோன்யா மகளிரின் வீட்டுத் தையற்கலை

முன்னுரை

மலாயாவின் நீரிணைப் பகுதி உடைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சாரோங், கெபாயா ஆகிய இரண்டையே விரிவாகப் பேசுவர். காலணி, பதக்கம், கைப்பை முதலிய துணையணிகள் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. எனினும், பெரானக்கான் வீடுகளில் பாத்தேக் துணி கடையிலிருந்து வந்தது. காலணியின் மணிமுகப்போ வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து வந்தது. மலாயில் 'காசுட் மானேக்' எனப்படும் இம்மணிக்காலணி உருவாகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இதனை இன்று ஓய்வுநேரத்தில் தைத்துப் பார்ப்பது பழம்பொருளைக் கற்கும் ஒரு வழியாகவும் அமையும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

பின்புலம்

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்த பாபா நியோன்யாக் குடும்பங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மணித்தையல் செழித்திருந்தது. மணவயதை எட்டிய பெண் தைக்கவும் சமைக்கவும் தேர்ந்திருக்க வேண்டும் என்பது அக்குடும்பங்களின் எதிர்பார்ப்பு. மணமகனுக்கும் அவன் வீட்டாருக்கும் அவள் தன் கையால் தைத்த காலணிகளை அளிப்பது வழக்கம். தையலின் நேர்த்தியைக் கொண்டு பெண்ணின் பொறுமையை அளந்தனர். அவ்வகையில், காலணி ஒரு பரிசுப் பொருளாகவும் தேர்வுத்தாளாகவும் இருந்தது எனலாம்.

ரோசாப் பூ, பறவை, மீன், கட்டங்கள் எனப் பலவகை வடிவங்கள் இவற்றில் காணப்படுகின்றன. சீன மரபுக்குரிய பீனிக்ஸ் பறவையும் ஐரோப்பியக் குறுக்குத்தையல் மாதிரித் தாள்களிலிருந்து பெறப்பட்ட பூங்கொத்தும் அருகருகே இடம்பெறுவதுண்டு. துக்கக் காலத்திற்கெனக் கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் தைக்கப்பட்டவையும் உள்ளன. எனவே, நிறத்தைக் கொண்டே அணிந்தவரின் குடும்ப நிலையை அறிய இயலும்.

தைக்கும் முறை

இக்கலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சிலவே. 'பிடாங்கான்' எனப்படும் மரச்சட்டகம், கண்கள் சீராக அமைந்த கட்டத்துணி, மெல்லிய ஊசி, உறுதியான நூல், மணிகள், கட்டத்தாளில் வரைந்த மாதிரி ஆகியவை போதும்.

முதலில் துணியைச் சட்டகத்தில் தளர்வின்றி இழுத்துக் கட்ட வேண்டும். துணி தளர்ந்தால் மணி வரிசைகள் வளைந்துவிடும். அடுத்து, மணிகளைத் தட்டில் பரப்பி, மிகத் தடித்தவற்றையும் மிக மெலிந்தவற்றையும் நீக்க வேண்டும். பின்னர், மாதிரியில் உள்ள ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாய்தையல் என்ற கணக்கில் வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்திருத்தல் இன்றியமையாதது. நடுவில் ஒரு வரிசை மட்டும் திசை மாறினால், வெளிச்சத்தில் அவ்வரிசை தழும்புபோலத் தனித்துத் தெரியும்.

மணிகளின் அளவைக் குறிக்கும் எண் தலைகீழாக இயங்குகிறது. எண் கூடக்கூட மணி சிறுத்துச் செல்லும். இன்று பலர் பயன்படுத்தும் 15ஆம் எண் மணி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் உடையது. பழைய காலணிகளில் இதனினும் நுண்ணிய மணிகளைக் காணலாம். ஓர் அங்குலத்திற்கு 20 கண்கள் உள்ள துணியில் ஒரு சதுர அங்குலத்தை நிரப்ப 400 மணிகள் தேவை. அவ்வாறாயின், ஒரு காலின் முகப்புக்கே பல ஆயிரம் மணிகள் வேண்டும். ஓய்வுநேரத்தில் மட்டும் தைப்பவருக்கு ஓர் இணை முடியச் சில மாதங்கள் ஆகலாம்.

தைத்தவர்க்கே புலப்படும் நுட்பம் ஒன்றுண்டு. இடக்காலின் வடிவம் வலக்காலின் கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். அதற்கு மாதிரியைத் திருப்பி வரைந்தால் போதும். ஆனால், தையலின் சாய்வையும் மாற்றினாலன்றி மணிகளின் சாய்வு இரு காலிலும் ஒன்றாகவே இருக்கும். இரு முகப்புகளும் முழுமையான பிம்பங்கள்தாமா என்பதை அருங்காட்சியகத்தில் காண்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருமுறை தைத்தவரோ அதனையே முதலில் நோக்குவார்.

முகப்பு முடிந்ததும், ஓரத்தில் துணி விட்டு வெட்டிச் செருப்புத் தொழிலாளியிடம் ஒப்படைப்பர். அவர் அதனை உட்துணியோடு இணைத்து அடித்தோலில் பொருத்துவார். ஆகவே, இது வீட்டுப் பெண்ணும் தொழிலாளியும் சேர்ந்து முடிக்கும் பொருளாகும்.

மணியின் வழித்தடம்

தமிழாசிரியர்க்கு இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'மானேக்' என்னும் சொல் நம் 'மணி'யோடு உறவுடையது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பட்ட கண்ணாடி மணிகளின் வகையைச் சேர்ந்தவை கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் கோலா செலின்சிங் ஆகிய தொல்லிடங்களிலும் கிடைத்துள்ளன. இவ்விரு செய்திகளையும் இணைத்து, மணிக்காலணி தமிழர் தந்த கலை என முடிவுகட்டத் தோன்றும். அது பொருந்தாது. நியோன்யாக்கள் தைத்த நுண்மணிகள் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவை. அரிக்கமேட்டு மணிகளுக்கும் அவற்றுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உள்ளது.

மெய்யான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. மலாக்கா சுல்தானகக் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான மலாக்கா செட்டிச் சமூகம், சைவ வழிபாட்டைக் காத்துக்கொண்டே மலாய் மொழியையும் சாரோங் கெபாயா உடையையும் தனதாக்கிக்கொண்டது. இவ்வுடை மரபில் தமிழ் வழிவந்தோர்க்கும் இடமுண்டு என்பதற்கு இச்சமூகமே சான்றாகும்.

கடமையும் விருப்பமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கலை தளர்ந்தது. பெண்கள் பள்ளிக்கும் பணிக்கும் சென்றனர். மாதக்கணக்கில் சட்டகத்தின்முன் அமர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. இதனை இழப்பென்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அன்று தைத்த பெண்ணுக்குத் தைக்காமலிருக்கும் உரிமை இருந்ததில்லை.

இன்று மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதனைக் கற்போர் விருப்பத்தாலேயே கற்கின்றனர். 2008இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பெரானக்கான் அருங்காட்சியகம், புதுப்பிக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2024இல் கெபாயா, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கூட்டு முன்மொழிவின் பேரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல்கள் பொருளுக்குப் பெருமை சேர்க்கும். கைப்பழக்கத்தைக் காப்பது தைப்பவரின் பொறுப்பாகும்.

முடிவுரை

மணிக்காலணியின் நுட்பங்கள் தாயிடமிருந்து மகளுக்குக் கையோடு கைபார்த்துச் சென்றவை. அச்சங்கிலி பல வீடுகளில் அறுந்துவிட்ட நிலையில், பொழுதுபோக்காகத் தைப்போர் அதன் சில கண்ணிகளை மீண்டும் இணைக்கின்றனர். பழந்துணையணிகளைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு சதுர அங்குலத்தையேனும் தம் மாணவரைத் தைக்கச் செய்யலாம். நானூறு மணிகளைத் தைத்து முடித்த மாணவர், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் காலணியை முன்போல் ஒரு பார்வையில் கடந்து செல்லமாட்டார்.