கேஸ் அடுப்பா? கரண்ட் அடுப்பா?

திருவனந்தபுரம் வலியசாலையில் அக்கிரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. அங்கே எந்த அடுப்பு நல்லது?

முதலில் பாத்திரம். கரண்டில் வேலை செய்யும் இண்டக்‌ஷன் அடுப்பில் தீ இல்லை. ஆனால் அதற்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். வெண்கலப் பானையும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதற்கு ஆகாது. கேஸ் அடுப்புக்கு அவை ஆகும். கரண்ட் போனாலும் கேஸில் சமைக்கலாம்.

அடுத்து செலவு. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். அதே சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறக்குறைய 120 யூனிட் கரண்ட் ஆகும். சிலிண்டர் விலையை 120ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையைவிட ஒரு யூனிட் கரண்ட் மலிவா? அப்படியானால் இண்டக்‌ஷன் லாபம். ஆனால் கேரளத்தில் கரண்ட் அதிகம் செலவானால் யூனிட் விலையும் ஏறும்.

கடைசியாகப் பாதுகாப்பு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கரண்ட் அடுப்பை ஈரக் கையால் தொடாதீர்கள்.

எந்த அடுப்பு வாங்கினாலும் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.