பருவுக்கு மாசம் எவ்வளவு செலவு பண்றீங்க? ஒரு 12 வாரக் கணக்கு

போன மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்க. வாடகை, இஎம்ஐ, சாப்பாட்டு ஆப் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். "ஸ்கின்கேர்"னு தனியா ஒரு வரி போட்டு பட்ஜெட் எழுதுறவங்க ரொம்ப கம்மி. 349, 499, 599னு சின்னச் சின்னதா போறதால அது செலவாவே தெரியாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஃபேஸ் வாஷ், டோனர், சீரம், ஸ்பாட் ஜெல், மாய்ஸ்சரைசர்னு 5 பொருள், தலா 500 ரூபாய். மொத்தம் 2,500. மூணு வாரத்துல பரு போகலைனு வேற பிராண்டுக்கு மாறுறீங்க. 12 வாரத்துல 4 செட், அதாவது 10,000 ரூபாய். பாதி பாட்டில் அலமாரியில நிக்கும், பரு முகத்துல நிக்கும்.

காசு எங்க வீணாகுது?

இன்னைக்கு வெளியே தெரியுற பரு, தோலுக்குள்ள பல வாரம் முன்னாடியே உருவாக ஆரம்பிச்சது. அதனால எந்த மருந்தும் முழு பலனைக் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். மூணு வாரத்துல மாத்தினா, நீங்க எதையுமே சோதிச்சுப் பார்க்கலைனு அர்த்தம். எஸ்ஐபியை மூணாவது மாசமே நிறுத்துற கதைதான்.

பிராண்டை விடுங்க, மருந்தைப் பாருங்க

சாலிசிலிக் ஆசிட், 0.5 முதல் 2%: எண்ணெயில் கரையும் என்பதால் அடைபட்ட துளைக்குள் போய் வேலை செய்யும். பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் அதிகம் இருந்தால் இது.

பென்சாயில் பெராக்சைடு, 2.5%: சிவந்து சீழ் வைக்கும் பருவுக்கு. 10% வாங்கினால் பலன் பெரிசா கூடாது, எரிச்சல்தான் கூடும். துண்டு, தலையணை உறை, ஆபீஸ் சட்டை சாயத்தை இது வெளுக்கும். அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க!

அடாபலீன், 0.1%: அமெரிக்காவில் 2016 முதல் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. இங்கே டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, அதுக்குத் திட்டமிடுறவங்க தவிர்க்கணும்.

இதுல ஒண்ணே ஒண்ணு, கூட ஒரு சாதாரண ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில சன்ஸ்க்ரீன். போதும். ஜெல்லைப் பட்டாணி அளவு, தோராயமா கால் கிராம் எடுத்து, பரு வர்ற பகுதி முழுக்க மெல்லிசா தடவணும். தினம் ஒரு தடவைனா 15 கிராம் டியூப் 60 நாள் வரும். 12 வாரத்துக்கு ரெண்டு டியூப் தாண்டாது.

மலிவுனு வாங்கக்கூடாதது

மெடிக்கல்ல "ஒரே வாரத்துல முகம் பளிச்"னு கொடுக்கிற க்ரீமைத் திருப்பிப் படிங்க. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. 2018ல் மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு கட்டாயம் என்ற பட்டியலில் சேர்த்தது. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், பருவே அதிகமாகும். அதைச் சரிபண்ண ஆகும் செலவு க்ரீம் விலையைப் போல பல மடங்கு.

எப்போ டாக்டர்?

வலிக்கிற பெரிய கட்டிகள், தழும்பு விழ ஆரம்பிச்சது, பருவோட சேர்ந்து மாதவிடாய் தள்ளிப்போறது — இதுல எது இருந்தாலும் 12 வாரம் காத்திருக்காதீங்க. தழும்புக்கு லேசர் போடுற செலவோட ஒப்பிட்டா கன்சல்டிங் ஃபீஸ் ஒண்ணுமே இல்ல. பெரும்பாலான ஹெல்த் பாலிசி அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு ஓபி இலவசம்.

இந்த மாசம் செய்ய வேண்டியது: வீட்டுல இருக்கிற பாட்டில்களை வரிசையா வச்சு, பின்பக்கத்துல மேலே சொன்ன பேர் இருக்கான்னு பாருங்க. இருந்தா அதையே தொடங்குங்க, தேதியை மொபைல்ல குறிச்சு வைங்க. 12 வாரம் முடியுற வரைக்கும் கார்ட்ல புதுசா எதுவும் சேர்க்காதீங்க. மிச்சமாகுற காசு எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.